ஓலையும் விலையும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இத்தொடரில் வழக்கமாக நூல்களைப் பற்றியும் அவற்றை எழுதியவர்களைப் பற்றியும் பேசி வருகிறோம். இன்று நூல் எதுவும் எழுதாத, ஆனால் நூல் எழுதப்பட்ட அதே ஓலையோடு தம் வாழ்நாளைக் கழித்தவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பனையோலையில் பெட்டியும் கடகமும் பாயும் இழைப்பவர்களையே கருதுகிறேன். இலக்கிய நிகழ்ச்சியிலே கடகத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

பனையோலைக்கு நம்மிடையே இரண்டு வாழ்வுகள் இருந்தன. ஒன்று ஏடாகும் வாழ்வு. ஓலையைப் பதப்படுத்தி, அளவாக நறுக்கி, துளையிட்டு, எழுத்தாணியால் எழுதி, கயிற்றில் கோத்து வைத்தார்கள். நம் பழைய இலக்கியங்கள் அவ்வாறே நமக்குக் கிடைத்தன. ஆறுமுக நாவலரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும், உ. வே. சாமிநாதையரும் அந்த ஏடுகளைத் தேடி அலைந்த கதையை நாம் பெருமையோடு சொல்கிறோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அதிலே அழிந்த சுவடிகளுக்காக இன்றும் வருந்துகிறோம். அந்த வருத்தம் நியாயமானது.

மற்றையது பெட்டியாகும் வாழ்வு. அதே மரத்தின் ஓலையைப் பெண்கள் வார்ந்து, இழைத்து, வீட்டுக்கும் வயலுக்கும் சந்தைக்கும் வேண்டிய பாத்திரங்களாக்கினார்கள். இந்த இரண்டாவது ஓலைக்குச் சுவடி நிலையம் கிடையாது. பதிப்பாசிரியரும் கிடையாது. இன்னொரு வேறுபாடும் உண்டு. ஏட்டைப் பிரதி செய்தவர் பல வேளைகளில் கடைசி ஓலையிலே தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்து வைத்தார். நூலை இயற்றியவர் அவர் அல்லர். பார்த்து எழுதியவர் மாத்திரமே. ஆயினும் அவர் பெயர் நிலைத்தது. கடகம் இழைத்தவளோ அதன் வடிவத்தை மனத்திலே கொண்டு, கையாலே முழுவதையும் ஆக்கியவள். அவள் பெயர் எங்கும் இல்லை.

இந்தப் பெயரின்மைக்கும் அவள் தன் பொருளுக்குப் பெறுகின்ற விலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதே இன்றைய பேச்சின் சாரம்.

முதலிலே அந்தப் பொருட்களைச் சற்று நினைத்துப் பார்ப்போம். கடகம், பெட்டி, சுளகு, பாய், உமல், நீத்துப்பெட்டி, கொட்டைப்பெட்டி, திருகணை, தட்டுவம், பிளா, இடியப்பத் தட்டு. இவற்றிலே சில ஓலையால் ஆனவை. சில ஈர்க்கால் ஆனவை. சிலவற்றுக்கு நாரும் வேண்டும். கொட்டைப்பெட்டி வெற்றிலை பாக்கும் சில்லறைக் காசும் வைக்கும் சிறு பெட்டி. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிழவிகளின் இடுப்பை விட்டு அது நீங்கியதில்லை. நீத்துப்பெட்டி பிட்டு அவிக்கும் கூம்பு. பனைக்கு 801 பயன்கள் சொல்லும் தாலவிலாசம் என்ற தமிழ்ப் பாடல் நூலைப் பற்றி 19 ஆம் நூற்றாண்டிலே இங்கிருந்த ஆங்கிலேயரும் வியந்து எழுதினார்கள். 801 என்ற எண்ணிக்கையை எவரும் சரிபார்த்திருக்கப் போவதில்லை. ஆனால், ஒரு மரத்தைச் சுற்றி இத்தனை சொற்களை ஒரு சமூகம் ஆக்கி வைத்திருந்தது என்பது சரிபார்க்கத் தேவையில்லாத உண்மை. பொருள் போனால் சொல்லும் போகும். இலக்கிய ஆர்வலர்கள் இந்தத் தொழிலிலே அக்கறை கொள்வதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

இனி, ஒரு பெட்டி எவ்வாறு உருவாகிறது என்று பார்ப்போம்.

கடையிலே பார்க்கின்றவருக்கு இழைத்த பெட்டி மட்டுமே தெரியும். இழைப்பதற்கு முன்னுள்ள வேலை தெரியாது. முதலாவது, மரத்திலே ஏறத் தெரிந்த ஒருவர் வேண்டும். நல்ல வேலைக்குக் குருத்தோலை தேவை. அது வட்டின் நடுவிலே இருப்பது. பனை ஏறத்தாழ மாதத்துக்கு ஓர் ஓலை விடுகின்ற மரம். ஆகவே, கண்டபடி குருத்தை வெட்டினால் மரம் நலிந்துவிடும். எந்த மரத்திலே எப்போது எத்தனை எடுக்கலாம் என்பது ஏறுபவரின் அறிவு. மரம் ஏறுவோர் தொகை குறைந்து வருவதால், இன்று இழைக்கத் தெரிந்த பெண்கள் இருந்தும் ஓலை கிடையாத ஊர்கள் உண்டு.

ஓலை வந்ததும் அதனை வெயிலிலே காயவிட வேண்டும். மழை பிடித்தால் கறுத்துவிடும். காய்ந்த பின்னர் ஈர்க்கு நீக்கி, சத்தகத்தினாலே ஒரே அளவான அகலத்துக்கு வார வேண்டும். நிறம் வேண்டுமாயின் சாயம் கலந்த நீரிலே அவிக்க வேண்டும். அதற்கு விறகு, பெரிய பாத்திரம், ஒரு முழுப் பகல். இழைக்கும்போது ஓலை பதமாக இருத்தல் அவசியம். நன்றாய்க் காய்ந்த ஓலை மடிக்கும்போது உடையும். இதனாலே அனுபவசாலிகள் விடியற் பொழுதிலும் மாலையிலும் இழைப்பார்கள். நடுப்பகலில் இழைப்பதாயின் நீர் தெளித்துக் கொள்வார்கள். அடிப்பாகம் தொடங்கி, மூலை திருப்பி, சுவர் எழுப்பி, விளிம்பு மடித்துக் கட்டினால்தான் பெட்டி முடிந்தது. கடகமாயின் இரட்டையாக இழைத்து நாரினாலே விளிம்பு பொத்த வேண்டும். மூலை திருப்புகின்ற இடத்திலேதான் ஒருத்தியின் கைத்திறன் தெரியும். அங்கே இழை தளர்ந்தால் பெட்டி ஒருபோதும் நேராக நிற்காது.

இத்தனையும் பழைய கிராமத்திலே பணமாகக் கணக்கிடப்பட்டதில்லை. தேவைக்கு இழைத்தார்கள். மிஞ்சியதை அயலவருக்குக் கொடுத்து நெல்லோ காய்கறியோ பெற்றார்கள். சந்தைக்குக் கொண்டு சென்றால் கொஞ்சம் காசு. செய்தவளும் வாங்கியவளும் ஒரே கிணற்றடியிலே சந்திப்பவர்கள். கடகம் ஒரு மாதத்திலே பிரிந்துவிட்டால் மறுநாளே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். ஆகவே, தரத்தைப் பரிசோதிக்க அதிகாரி எவரும் தேவைப்படவில்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. பனையோடு தொடர்பான உழைப்பின் மீது சாதியின் நிழல் படிந்திருந்தது. மரம் ஏறியவன் எந்த வாசலுக்குள் வரலாம், எந்தக் கிணற்றிலே நீர் அள்ளலாம் என்பதற்கெல்லாம் எழுதாத சட்டங்கள் இருந்தன. கே. டானியலின் நாவல்களைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இழைக்கும் வேலையைப் பல வீடுகளிலும் பெண்கள் செய்தார்கள். அடுப்படி வேலைகளுக்கிடையே "சும்மா இருக்கிற நேரத்தில்" செய்வது என்று அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். அந்தச் சும்மா என்ற சொல் மிகவும் விலையுயர்ந்த சொல். அதன் விலையை அந்தப் பெண்கள் இன்றுவரை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பின்னர் காலம் மாறியது. பிளாஸ்டிக் வாளியும் கூடையும் வந்தன. அவை மலிவு, பாரமற்றவை, மழைக்கு அஞ்சாதவை. வீட்டுத் தேவைக்கான கடகத்தின் இடம் சுருங்கியது. போர் வந்தது. ஏராளமான பனைகள் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்டன. ஷெல் விழுந்து தலையிழந்து நின்றவையும் பல. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தபோது சத்தகத்தை எடுத்துச் செல்ல நினைத்தவர் எத்தனை பேர்? ஆயினும் இந்தத் தொழில் அறுந்து போகவில்லை. வருமானம் இழந்த குடும்பங்களிலே, குறிப்பாகக் கணவரை இழந்த பெண்களின் வீடுகளிலே, முதலீடு அதிகம் இன்றித் தொடங்கக்கூடிய தொழிலாக ஓலை வேலை மீண்டும் தலையெடுத்தது.

அரசும் தன் பங்குக்குச் சில செய்தது. கைப்பணிப் பொருட்களை விற்க 1964 இல் லக்சல அமைக்கப்பட்டது. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை உருவானது. 1982 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய அருங்கலைகள் பேரவை அமைந்தது. பயிற்சி வகுப்புகள், கண்காட்சிகள், விற்பனை நிலையங்கள் எனப் பல நடைபெற்றன. இவற்றால் பயன் விளைந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால், இவற்றோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்து வந்ததை நாம் அவதானிக்க வேண்டும். கடகம் வீட்டுப் பாத்திரமாக இருந்தது, இப்போது கலைப்பொருளாகிவிட்டது. அதை வாங்குபவர் அயலவர் அல்லர். கொழும்பிலிருப்பவர், ஊருக்கு வந்து திரும்பும் புலம்பெயர்ந்த உறவினர், உல்லாசப் பயணி ஆகியோரே வாங்குகிறார்கள். நெல் அள்ளிய கடகம் விமானத்திலே கொண்டு செல்லத்தக்க அளவுக்குச் சிறுத்தது. கைத்தொலைபேசி உறை, பேனைத் தாங்கி, கைப்பை என்று புதிய வடிவங்கள் வந்தன. இதிலே தவறில்லை. தேவைக்கேற்ப வடிவம் மாறுவது கலையின் இயல்பு. ஆனால், கிணற்றடி உறவு அறுந்தது. செய்தவளுக்கு வாங்கியவரைத் தெரியாது. வாங்கியவருக்குச் செய்தவளைத் தெரியாது. இருவருக்கும் நடுவிலே நிற்பது விலை ஒன்றுதான்.

இவ்விடத்திலே ஆனந்த குமாரசுவாமியை நினைவுகூருவது பொருத்தமாகும். கொழும்பிலே 1877 இல் பிறந்த இத்தமிழர், கனிப்பொருள் ஆய்வுக்காக நாட்டின் கிராமங்களிலே சுற்றித் திரிந்தவர். கல்லைத் தேடிச் சென்றவர் கைவினைஞரைக் கண்டார். கண்டி இராச்சியத்துக் கைவினைகளை ஆராய்ந்து அவர் எழுதிய 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற ஆங்கில நூல் 1908 இல் வெளிவந்தது. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே கையச்சு இயந்திரத்திலே 425 பிரதிகள் அச்சிடுவித்தார். கைவினை பற்றிய நூலைக் கைவினையாகவே செய்தார். அந்நூலின் சிறப்பு, அழகிய பொருட்களை வருணிப்பதோடு அவர் நின்றுவிடாமையே. கைவினைஞன் எந்தச் சமூக நிலையில் வாழ்ந்தான், அவனுக்கு ஊதியம் எவ்வாறு கிடைத்தது என்பவற்றையும் அவர் ஆராய்ந்தார். அரச சேவைக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்த கைவினைஞன், 1815 இல் கண்டி அரசு வீழ்ந்த பின்னர் தன்னை ஆதரிப்பாரின்றித் தளர்ந்ததை அவர் எடுத்துக் காட்டினார். கலை அழிவதற்கு முன்னர் கலைஞனின் சோறு அழிகிறது என்பதே அந்நூலிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்.

அந்தப் பாடம் இன்னும் பழசாகவில்லை. கண்டிக்கு அண்மையிலுள்ள தும்பறைப் பாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஹண என்ற செடியின் நாரினாலே கின்னர சமூகத்தவர் நெய்யும் பாய் அது. ஒரு காலத்தில் அரண்மனைக்குச் சென்றது. நெய்தவர்களோ சமூகத்திலே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். 2021 இல் யுனெஸ்கோ அந்தக் கைவினையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்தது. மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால், அந்தச் சமூகத்திலே பலர் ஏற்கெனவே வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டார்கள். அரண்மனையில் விரிக்கப்பட்டபோதும் பாய்க்குக் கிடைத்த மரியாதை பாய் நெய்தவருக்குக் கிடைக்கவில்லை. பாராட்டு வேறு, பிழைப்பு வேறு என்பதை இந்த உதாரணம் தெளிவாக்குகிறது. சிங்களக் கிராமத்துக்கும் தமிழ்க் கிராமத்துக்கும் இந்த விடயத்திலே வேறுபாடில்லை.

சில காலத்துக்கு முன்னர் கொழும்பிலே நடந்த ஒரு கைப்பணிக் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். வடக்கிலிருந்து வந்த ஓர் அம்மா மேசையிலே பெட்டிகளைப் பரப்பி வைத்திருந்தார். சிவப்பும் பச்சையும் கலந்து இழைத்த ஒரு மூடிப் பெட்டியை எடுத்து விலை கேட்டேன்.

"தொள்ளாயிரம் ரூபா, தம்பி" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. பெட்டியைத் திருப்பி மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மௌனம் அவருக்குப் பொறுக்கவில்லை.

"கூடவெண்டால் எழுநூறு தாங்கோ. உங்களுக்குப் பிடிச்சிருக்கெண்டால் எடுங்கோ."

"நான் குறைக்கச் சொல்லேல்லையே, அம்மா" என்றேன்.

அவர் சற்று வெட்கத்தோடு சிரித்தார். "எல்லாரும் கேக்கிறவை. அதான் முந்தியே சொல்லிப் போடுறது. இது சும்மா இருக்கிற நேரத்தில செய்யிறதுதானே."

மீண்டும் அந்தச் சும்மா. பேரம் பேச ஆளில்லாத இடத்திலே தானே தன்னோடு பேரம் பேசிக்கொண்டார். தொள்ளாயிரம் கொடுத்துப் பெட்டியை வாங்கினேன். அது ஒன்றும் பெரிய தருமம் அல்ல. அவர் சொன்ன விலை அது.

நேயர்களே, அந்தத் தொள்ளாயிரத்தைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். உதாரணத்துக்காகவே இந்தக் கணக்கு. அந்தப் பெட்டி ஒரு கடையிலே தொள்ளாயிரத்துக்கு விற்கிறது என்றும், கடைக்காரர் மூன்றில் ஒரு பங்கை எடுக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். முந்நூறு போயிற்று. மிகுதி அறுநூறு. ஓலை, சாயம், விறகு ஆகியவற்றுக்கு நூற்றிருபது. பெட்டிகளைக் கடைக்குக் கொண்டு செல்லும் பஸ் கட்டணத்திலே இந்தப் பெட்டிக்குரிய பங்கு எண்பது. மிகுதி நானூறு. ஓலை வார்வதிலிருந்து விளிம்பு கட்டுவது வரை எட்டு மணி நேரம் சென்றதாயின், ஒரு மணி நேர உழைப்புக்கு ஐம்பது ரூபா. இன்று தேநீர்க் கடையிலே ஒரு பால் தேநீர் குடிக்க அந்த ஐம்பது ரூபா போதாது. கண்காட்சியில் கடைக்காரரின் பங்கு இல்லை என்பது உண்மை. ஆனால், கொழும்புக்கு வந்து தங்கி நிற்கும் செலவு அந்த இடத்தை நிரப்பிவிடும். ஆகவே, அந்த அம்மா என் மௌனத்துக்கு அஞ்சிக் குறைத்த இருநூறு ரூபா அவருடைய நான்கு மணி நேரம். அரை நாளை அவர் ஒரு நொடியிலே விட்டுக்கொடுத்தார்.

கணக்கிலே வராதவை வேறும் உண்டு. மழை பிடித்துக் கறுத்த ஓலை. சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்துக் கழித்த இழைகள். விற்ற பின்னரே காசு என்ற ஒழுங்கிலே கடைகளிற் கொடுத்துவிட்டு மாதக்கணக்காகக் காத்திருக்கும் பெட்டிகள். அவற்றிலே வெயில் பட்டு நிறம் மங்கித் திரும்பி வருபவை. எழுத்தாளர் நண்பர்களுக்கு இந்தக் கடைசி அனுபவம் புதிதாக இராது. தம் நூல்களைப் புத்தகசாலைகளிலே கொடுத்துவிட்டு அலைந்த கதை நம்மிலே பலருக்கு உண்டு. அந்த வகையிலே எழுத்தாளனும் ஓலைக்காரியும் ஒரே சாதி.

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. விலையைக் கூட்டினால் வாங்க ஆள் வராதே, பத்துப் பெட்டி விற்ற இடத்திலே மூன்று விற்றால் அந்தப் பெண்ணுக்கு என்ன நன்மை என்று கேட்பார்கள். இதை அலட்சியம் செய்ய முடியாது. என் பதில் இதுதான்: எல்லாப் பொருளையும் ஒரே தராசிலே நிறுக்க வேண்டியதில்லை. சுளகு, நீத்துப்பெட்டி, இடியப்பத் தட்டு போன்றவற்றை இன்றும் சாதாரணக் குடும்பங்கள் வாங்குகின்றன. அவற்றின் விலை அவர்களுக்கு எட்ட வேண்டும். அவற்றை விரைவாகவும் எளிமையாகவும் செய்யலாம். ஆனால், நிறமும் கோலமும் வைத்து ஒரு நாள் முழுவதும் இழைத்த பெட்டியை வாங்குபவர் பிட்டு அவிக்க வாங்கவில்லை. அதன் அழகுக்காக வாங்குகிறார். அழகுக்காக வாங்குபவரிடம் அழகின் விலையைக் கேட்பதிலே வெட்கப்பட எதுவுமில்லை. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் கோலப் பெட்டியைச் சுளகின் விலைக்குக் கொடுப்பதுதான் நட்டம். மூன்று பெட்டி நல்ல விலைக்கு விற்றால் மிகுதி ஏழு பெட்டிக்கான நேரமும் ஓலையும் அவளிடமே இருக்கும். மரமும் சற்று மூச்சு விடும்.

இன்னொரு வாதம் சற்று உயர்ந்த தளத்திலிருந்து வருவது. கைவினையின் பெருமையே அதன் பெயரின்மையில்தான் உண்டு என்பது. ஜப்பானிய அறிஞர் யனாகி சோயெற்சு இதனை ஆழமாகச் சிந்தித்தவர். 1920 களில் அவரும் நண்பர்களும் மக்கள் கைவினைக்கென ஓர் இயக்கத்தையே தொடங்கினார்கள். 1936 இல் தோக்கியோவிலே அதற்காக ஓர் அருங்காட்சியகம் அமைத்தார்கள். பெயரறியாத கைவினைஞன், புகழை நாடாது, அன்றாடப் பாவனைக்காகச் செய்த பொருளிலே தனி அழகு உண்டு என்றார் அவர். படிக்கையிலே மனம் ஒப்புகிறது. ஆனால், அந்த அழகை அனுபவிப்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பொருளை வைத்துப் பார்ப்பவருக்குப் பெயரின்மை ஓர் அழகு. செய்தவளுக்கோ பெயரில்லாத பொருளைப் பெயரில்லாத இன்னொருத்தி இருநூறு குறைத்துச் செய்து தருவாள் என்ற அச்சம். கிணற்றடியிலே பெயர் தேவைப்படவில்லை; எல்லாருக்கும் அவளைத் தெரியும். தெரியாதவரிடம் விற்கின்ற காலத்திலே பெயரும் பொருளோடு சேர்ந்து செல்ல வேண்டியிருக்கிறது.

இதற்குப் பெரிய திட்டங்கள் தேவையில்லை. சிறிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

இழைப்பவர்கள் முதலிலே நேரத்தை எழுதி வைக்கப் பழக வேண்டும். ஒரு பழைய கொப்பி போதும். இந்தப் பெட்டிக்கு ஓலை இவ்வளவு, சாயம் இவ்வளவு, நேரம் இவ்வளவு என்று பத்துப் பெட்டிக்கு எழுதினால், பதினோராவது பெட்டியின் விலையைச் சொல்லும்போது குரல் நடுங்காது. இரண்டாவது, ஒவ்வொரு பெட்டியினுள்ளும் ஒரு துண்டுக் காகிதம். அதிலே இழைத்தவர் பெயர், ஊர், சென்ற நேரம், பேணும் முறை ஆகியன. ஈரமாய் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், இடைக்கிடை நிழலிலே காற்றாட விடுங்கள் என்று சொன்னால் வாங்கியவர் பேணுவார். பேணினால் அது பல காலம் இருக்கும். மூன்றாவது, பெரிய கட்டளைகளை முற்பணம் பெறாது ஏற்கக் கூடாது. தனித்து நின்று இதைக் கேட்பது கடினம். ஓர் ஊரிலே ஐந்தாறு பேர் சேர்ந்து, இதற்குக் குறைத்து எவரும் கொடுப்பதில்லை என்று தமக்குள் உறுதி செய்தால் கேட்பது எளிது. இப்போது கைத்தொலைபேசியிலே படம் எடுத்து நேரடியாக விற்கும் இளம் பெண்கள் பலர் உளர். இடைத்தரகரின் பங்கு மிஞ்சுகிறது. ஆனால், அதே படத்தைப் பார்த்து இன்னொருவர் கோலத்தைப் பிரதி செய்வதும் நடக்கிறது. பெயரோடு படத்தை இடுவது அங்கேயும் ஓரளவு பாதுகாப்பு.

வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய கடையிலே விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு மறுபேச்சின்றிக் காசு கொடுக்கிறோம். தரையிலே பாய் விரித்து இருப்பவரிடம் மாத்திரம் நம் பேரத்திறன் விழித்துக்கொள்கிறது. அடுத்த முறை விலையைக் கேட்பதற்கு முன்னர், இதை இழைத்தது யார், எவ்வளவு நேரம் சென்றது என்று கேட்டுப் பாருங்கள். பதிலைக் கேட்ட பின்னரும் குறைக்கச் சொல்ல மனம் வந்தால் சொல்லுங்கள்.

எழுதுகின்ற நமக்கும் ஒரு கடமை உண்டு. நம் கதைகளிலே கடகமும் சுளகும் பின்னணிப் பொருட்களாக வந்து போகின்றன. ஊரின் வாசனைக்காக அவற்றை எடுத்து வைக்கிறோம். அவற்றை இழைத்தவளின் கணக்குக் கொப்பி இன்னும் கதையாகவில்லை. ஒவ்வோர் ஊரிலும் எழுபது எண்பது வயதைத் தாண்டிய, கோலங்களின் பெயர் தெரிந்த ஒரு பாட்டியாவது இருப்பார். எந்தக் கோலத்துக்கு என்ன பெயர், எந்த இழையைத் தாண்டி எந்த இழையைத் தூக்குவது, தனக்குக் கற்றுக் கொடுத்தவர் யார் என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள். அவர் பெயரையும் எழுதுங்கள். பாடசாலைச் சஞ்சிகையிலே வந்தாலும் போதும். அருகிலே ஒரு பேத்தி இருந்தால், அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். பாட்டியின் வேலையைப் பற்றி ஒருவர் ஊர் தேடி வந்து விசாரித்தார் என்பது அந்தப் பிள்ளையின் மனத்திலே நிற்கும். இந்தத் தொழிலைக் கையில் எடுப்பதா விடுவதா என்று அவள் தீர்மானிக்கும் நாளிலே, விலை ஓரளவு நியாயமாகவும் இருக்குமாயின், அந்த நினைவும் அவளுக்குத் துணை நிற்கும்.